ஒரு சரிவும் ஒரு வளையமும்: காவலூர், மார்ச் 1977

வேலூரில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை என்னிடம் ஒரே ஒரு வரி கேட்டார். அறிவியல் கண்காட்சிக்காக 'நம்ம பக்கத்து அறிவியல்' என்று பெரிய பலகை ஒன்று எழுதிக்கொண்டிருந்தார்கள். காவலூர் வானாய்வகத்தைப் பற்றி எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கொண்டுவந்த வரி இது: 'யுரேனஸ் கோளுக்கு வளையம் இருப்பதைக் கண்டுபிடித்தது காவலூர்.' இன்னொருத்தி அதை ஒத்துக்கொள்ளவில்லை. கண்டுபிடித்தது அமெரிக்கர்கள், விமானத்தில் பறந்துகொண்டே கண்டுபிடித்தார்கள் என்றாள். இரண்டு பேரும் கையில் அச்சிட்ட தாள் வைத்திருந்தார்கள். இரண்டு தாளும் பொய் சொல்லவில்லை.

"சார், நீங்க அறிவியல் வரலாறுதானே ஆராய்ச்சி பண்றீங்க? எது சரின்னு ஒரு வரியில சொல்லிடுங்க, பெயின்டர் காத்துக்கிட்டிருக்கார்" என்றார் தலைமையாசிரியை.

அன்று என்னால் சொல்ல முடியவில்லை. கண்காட்சிக்கு இன்னும் நாள் இருந்ததால் அவகாசம் கேட்டு வாங்கினேன். அந்த ஒரு வரியைத் தேடிப் போனதுதான் இந்த ஆய்வு.

நான் வாணியம்பாடிக்காரன். ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைச் சரிவில் ஏறினால் காவலூர். சிறுவயதில் ஒரு சனிக்கிழமை மாலை அப்பா என்னை அங்கே கூட்டிப்போனார். சனிக் கோளின் வளையத்தை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அன்றுதான். 'நம்ம ஊர்ல கண்டுபிடிச்சது' என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் என்பதால், அந்த முதல் மாணவி பக்கம்தான் என் மனசு சாய்ந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இடமும் கருவியும்

1977-இல் காவலூர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989-இல் அந்த மாவட்டம் பிரிந்தது, பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது, 2019-இல் மறுபடி பிரிந்தபோது காவலூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றைக்கும் அது வட ஆற்காடுதான்.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, நகரத்து வெளிச்சம் எட்டாத வானம். இவற்றைவிட முக்கியம், பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 அரை பாகையில்தான் காவலூர் இருக்கிறது. அதனால் தென்வானத்தின் பெரும்பகுதி அங்கிருந்து தெரியும். ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவில் தென்வானத்தைப் பார்க்கக்கூடிய பெரிய ஆய்வகம் வேறு எதுவும் அப்போது இல்லை. இந்தப் புவியியல் உண்மை இந்தக் கதைக்குள் பிறகு திரும்ப வரும்.

1960-களின் கடைசியில் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றுடன் வேலை தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியின் ஜெனா நகரிலிருந்து கார்ல் சைஸ் நிறுவனத்தின் 102 செ.மீ. தொலைநோக்கி வந்து சேர்ந்தது. இன்று காவலூர் என்றதும் எல்லோரும் நினைக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல்தான் வந்தது. பாப்பு 1982-இலேயே காலமாகிவிட்டார், அதைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. நம் கதை 102 செ.மீ. கருவியைப் பற்றியது.

அந்த இரவு

ஒரு கோள் நகர்ந்துபோகும் வழியில் தொலைதூர விண்மீன் ஒன்றை நமக்கு மறைக்கும். அதை மறைப்பு என்கிறோம். விண்மீனின் ஒளி எப்படி மங்குகிறது, எவ்வளவு நேரம் மறைகிறது என்று அளந்தால் கோளின் விட்டமும் அதன் காற்று மண்டலத்தின் தன்மையும் தெரியவரும். யுரேனஸ் 1977 மார்ச் 10-ஆம் தேதி, உலக நேரப்படி, துலாம் ராசியிலுள்ள எஸ்ஏஓ 158687 என்ற மங்கலான விண்மீனை மறைக்கப்போகிறது என்று இங்கிலாந்தின் கோர்டன் டெய்லர் சில ஆண்டுகள் முன்பே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். இந்திய நேரப்படி அது 10-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, 11-ஆம் தேதி பிறந்துவிட்ட வேளை.

அன்றைக்கு வளையத்தை யாரும் தேடவில்லை. சூரியக் குடும்பத்தில் வளையம் என்றால் சனிக்கு மட்டும்தான் என்பது அப்போதைய அறிவு. வியாழனின் வளையத்தை வாயேஜர் 1 விண்கலம் படம் பிடித்ததே 1979 மார்ச்சில்தான். யுரேனஸைப் பார்க்கப் போனவர்கள் அதன் காற்று மண்டலத்தைப் பார்க்கப் போனார்கள்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹம், டக்ளஸ் மிங்க் மூவரும் கைப்பர் வான்வழி ஆய்வகத்தில் இருந்தார்கள். சரக்கு விமானம் ஒன்றின் வயிற்றில் 91 செ.மீ. தொலைநோக்கியைப் பொருத்திய ஏற்பாடு அது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேல் பறந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ராபர்ட் மில்லிஸ் குழு தரையிலிருந்து பார்த்தது. காவலூரில் 102 செ.மீ. தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பார்த்தார்கள்.

விண்மீனின் ஒளியை ஒளிமானி அளந்துகொண்டே இருந்தது. காவலூரில் விண்மீனின் ஒளி சட்டென்று விழுந்து, சில விநாடிகளில் பழையபடி ஏறியது; பதிவுக் கோட்டில் ஒரு சரிவு. பார்த்த இருவரும் இதைக் கருவிக் கோளாறு என்று தள்ளிவிடவில்லை, மேகம் என்றும் ஒதுக்கவில்லை. யுரேனஸுக்கு வெளியே ஏதோ ஒரு பொருள் விண்மீனை மறைத்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். அதுவரை தெரியாத துணைக்கோள் ஒன்று என்று எழுதினார்கள்.

விமானத்தில் நடந்தது இது. மறைப்பு நேரம் துல்லியமாகத் தெரியாததால் எலியட் குழு கருவியை முக்கால் மணி நேரத்துக்குக் கிட்ட முன்பாகவே ஓடவிட்டிருந்தது. கோள் விண்மீனைத் தொடும் முன்பே ஐந்து சின்னச் சரிவுகள் பதிவாயின. முதலில் அவர்களுக்கும் தோன்றியது 'துணைக்கோள்களோ?' என்பதுதான். கோள் விலகிய பிறகும் நிறுத்தாமல் பதிவு செய்தார்கள். மறுபக்கத்திலும் ஐந்து சரிவுகள். நாடு திரும்பியதும் வரைதாளை விரித்து இரண்டு பக்கத்துச் சரிவுகளையும் ஒப்பிட்டார்கள். கோளிலிருந்து எந்தெந்தத் தூரத்தில் முன்பக்கம் சரிவு இருந்ததோ, பின்பக்கமும் அந்தந்தத் தூரத்தில் இருந்தது. அது வளையமாகத்தான் இருக்க முடியும்.

1977 மே மாத இறுதியில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் மூன்று குழுவின் கட்டுரைகளும் அடுத்தடுத்து வந்தன. எலியட் குழுவின் கட்டுரையும் மில்லிஸ் குழுவின் கட்டுரையும் வளையங்கள் என்று சொன்னன. தொடர்ந்து வந்த காவலூர்க் கட்டுரை, யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று சொன்னது. அடுத்தடுத்த பக்கங்களில் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். அறிவியல் வரலாறு படிக்கிறவனுக்கு இப்படி ஒரு இடம் கிடைப்பது அபூர்வம். இந்தப் பக்கங்களை நான் எத்தனை முறை திருப்பிப் பார்த்திருப்பேனோ தெரியாது.

வளையலும் கோலிக்குண்டும்

தவறு எங்கே நடந்தது, அல்லது தவறு என்று ஒன்று நடந்ததா என்பதைத் தாளில் மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது என்று பட்டது. அந்தப் பள்ளியிலேயே ஒரு மதியம் சோதனை ஒன்று வைத்தோம். மேசையின் ஒரு முனையில் டார்ச். மறுமுனையில், ஒளியளவைக் கோடாக வரையும் செயலி உள்ள செல்போன். நடுவில் நூலில் கட்டிய பொருளைக் குறுக்கே மெல்ல இழுக்க வேண்டும். பொருள் இரண்டு: ஒரு பெரிய கோலிக்குண்டு, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வளையல். மாணவிகள் திரைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து கோட்டை மட்டும் பார்க்க வேண்டும்.

முதல் குழுவுக்கு வளையலை இழுத்தேன், ஆனால் முதல் சரிவு வந்ததும் பதிவை நிறுத்திவிட்டேன். எல்லோரும் "கோலி" என்றார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இரண்டாம் குழுவுக்குக் கடைசி வரை ஓடவிட்டேன். இரண்டு சரிவு வந்தது. "வளையல்" என்றார்கள். நான் நினைத்த பாடம் இதோடு முடிந்திருந்தது.

அப்போது ஒரு பெண் எழுந்தாள். "சார், ஒன்னு பின்னாடி ஒன்னா ரெண்டு கோலி விட்டாலும் இதே மாதிரிதானே வரும்?"

இந்தக் கேள்விக்குத் தத்துவத்தில் நீண்ட வரலாறு உண்டு. கையிலிருக்கும் சான்று ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கத்துக்கு இடம் கொடுக்கும்போது எதை ஏற்பது என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் டூயம் நூறு ஆண்டுக்கு முன்பே மல்லுக்கட்டியிருக்கிறார். ஆனால் அந்தப் பெண் டூயத்தைப் படித்துவிட்டுக் கேட்கவில்லை, கோட்டைப் பார்த்துக் கேட்டாள். அன்று மதியம் எனக்கு இந்த ஆய்வின் திசையே மாறியது.

இரண்டு கோலி அல்ல என்று எப்படிக் காட்டுவது? அவர்களே யோசித்தார்கள். இரண்டு வழி கிடைத்தது. ஒன்று, பல அளவு வளையல்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டித் தொங்கவிடுவது. ஒரு பக்கம் ஐந்து சரிவு, மறுபக்கம் அதே இடைவெளியில், கண்ணாடியில் பார்த்ததுபோலத் திருப்பி வைத்த ஐந்து சரிவு. பத்துக் கோலிகள் தற்செயலாக அப்படி வரிசையில் நிற்காது. எலியட் குழுவின் வாதம் இதுதான்.

இன்னொரு வழி, இரண்டு செல்போன்களை வெவ்வேறு உயரத்தில் வைப்பது. கோலியின் நிழல் சிறியது, ஒரு போனில் மட்டும் விழும். வளையலின் நிழல் இரண்டிலும் விழும். அதோடு, இரண்டு போனிலும் சரிவு விழும் நேரங்களைச் சேர்த்து வரைந்தால் ஒரே வட்டத்தின் மேல் உட்காரும்.

இரண்டாவது வழியை அவர்கள் செய்து காட்டியபோதுதான் காவலூர்ப் பதிவின் உண்மையான மதிப்பு எனக்கு உறைத்தது. அன்று இரவு யுரேனஸின் நிழல் நம் மேல் விநாடிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. எட்டு விநாடி நீளும் சரிவு என்றால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அகலமுள்ள ஏதோ ஒன்று. அது உருண்டையான துணைக்கோள் என்றால் அதன் நிழலும் பூமியின் மேல் 100 கிலோமீட்டர் அகலப் பட்டையாகத்தான் ஓடும். வாணியம்பாடியில் விழுந்தால் மதுரையில் விழாது. ஆனால் சரிவு காவலூரிலும் தெரிந்தது, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பெர்த்திலும் தெரிந்தது, அதற்கும் தெற்கே கடலுக்கு மேல் பறந்த விமானத்திலும் தெரிந்தது. அத்தனை பெரிய பரப்பில் நிழல் விழ வேண்டுமானால் மறைத்த பொருள் கோளைச் சுற்றி வளைந்து நீண்டிருக்க வேண்டும்.

காவலூரின் ஒற்றைச் சரிவு தனியாக இருந்தவரை துணைக்கோள் என்ற வாசிப்புக்கு இடம் கொடுத்தது. மற்றவர்களின் சரிவுகளோடு சேர்ந்ததும் துணைக்கோள் என்ற வாசிப்பையே அது வெட்டியது. கோட்டில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இதற்கு முன்பும் இப்படி

வளையத்தைப் பார்த்துத் துணைக்கோள் என்று படிப்பது வானியலில் புதிதல்ல. 1610-இல் கலிலியோ தன் சிறிய தொலைநோக்கியில் சனியைப் பார்த்தபோது அதன் இரண்டு பக்கமும் இரண்டு பொருள்கள் ஒட்டி நிற்பதாகக் கண்டார். வியாழனின் நான்கு துணைக்கோள்களை அவர் அதே ஆண்டில்தான் கண்டிருந்தார். அதனால் கோளின் பக்கத்தில் எதைக் கண்டாலும் துணைகள் என்று எண்ணுவது இயல்பு. இரண்டு ஆண்டில் அந்தத் துணைகள் காணாமல் போயின, அவர் திகைத்துப்போனார். வளையத்தின் விளிம்பு நம்மை நோக்கித் திரும்பியிருந்தது. அது வளையம் என்று டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் விளக்கியது 1659-இல். இடையில் அரை நூற்றாண்டு.

யுரேனஸின் கதையும் இப்படித்தான். 1690-இல் ஆங்கிலேய வானியலாளர் ஃபிளாம்ஸ்டீட் அதைப் பார்த்து, ரிஷப ராசியின் 34-ஆம் விண்மீன் என்று அட்டவணையில் எழுதிவைத்தார். 1781 மார்ச் 13 இரவு வில்லியம் ஹெர்ஷல் அதைப் பார்த்து வால்மீன் என்று அறிவித்தார். அது வால்மீன் போல ஓடவில்லை என்று கணக்கிட்டு, கோள் என்று சொன்னவர்களில் லெக்ஸல் முக்கியமானவர். அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் கூன் 1962-இல் இந்த உதாரணத்தை எடுத்துப் பேசுகிறார்: 1690-க்கும் 1781-க்கும் இடையில் குறைந்தது 17 முறை வானியலாளர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள், பார்த்தது விண்மீன் என்றே நினைத்திருக்கிறார்கள். ஹெர்ஷலுக்கே 1789-இல் யுரேனஸைச் சுற்றி வளையம் இருக்குமோ என்று ஒரு சந்தேகம் தட்டியது. குறித்தும் வைத்தார். பிறகு, சனிக்கு உள்ளதுபோல வளையம் அதற்கு இல்லை என்று தானே மறுத்து எழுதினார்.

ஆக, முதலில் விண்மீனாக, பிறகு வால்மீனாக வாசிக்கப்பட்ட கோள் அது. 1977-இல் அதன் வளையம் துணைக்கோளாக வாசிக்கப்பட்டது. எனக்கு இதில் வியப்பு இல்லை. பார்க்கிறவன் கையில் என்ன கருத்து இருக்கிறதோ அதைக்கொண்டுதான் பார்ப்பான். அன்று எல்லோர் கையிலும் இருந்த வளையம் சனியின் வளையம்: அகன்றது, பனிக்கட்டி போலப் பளபளப்பது. யுரேனஸின் வளையங்களோ கரியைப் போல இருண்டவை. பெரும்பாலானவை சில கிலோமீட்டர் அகலமே உள்ளவை. அவற்றில் பெரியதான எப்சிலான் என்ற வளையம்கூட ஒரு பக்கம் 20 கிலோமீட்டர் அகலம், மறுபக்கம் 96 கிலோமீட்டர். அதனால் ஒரு பக்கத்துச் சரிவு எட்டு விநாடி நீண்டால் மறுபக்கத்துச் சரிவு இரண்டு விநாடிகூட இல்லாமல் போகலாம். இரண்டையும் பார்த்தாலும் ஜோடி என்று தோன்றாது. துகள்கள் ஒன்றோடொன்று மோதிப் பரவிவிடாமல் இவ்வளவு ஒடுங்கிய வளையம் எப்படி நிலைக்கும் என்று விளக்குவதற்கே கோல்ட்ரைக், ட்ரெமெயின் என்ற இரண்டு வானியலாளர்கள் 1979 வரை உழைக்க வேண்டியிருந்தது. வளையத்தை இரண்டு பக்கமும் சின்னத் துணைக்கோள்கள் ஆடு மேய்ப்பதுபோல ஒதுக்கி வைத்திருக்கின்றன என்பது அவர்கள் சொன்ன விளக்கம். 1986 ஜனவரியில் வாயேஜர் 2 போய்ப் பார்த்தபோது எப்சிலானின் இரண்டு பக்கமும் கோர்டீலியா, ஒஃபீலியா என்ற இரண்டு துணைக்கோள்கள் ஓடிக்கொண்டிருந்தன.

உண்டு என்பதும் இன்னது என்பதும்

சரி, கண்டுபிடித்தது யார்?

கண்டுபிடிப்பு என்பது ஒரு நொடியில் நடப்பதல்ல என்று கூன் வாதிட்டார். ஏதோ ஒன்று இருக்கிறது என்று அறிவதும், அது என்ன என்று அறிவதும் சேர்ந்தால்தான் கண்டுபிடிப்பு. ஆக்ஸிஜனை 1774-இல் தனியே பிரித்த வேதியியலாளர் பிரீஸ்ட்லி அதை ஃப்ளாஜிஸ்டன் (எரியும்போது பொருள்களிலிருந்து வெளியேறுவதாக அன்று நம்பிய ஒன்று) நீங்கிய காற்று என்றே கடைசி வரை நம்பினார். அது தனி வாயு என்று புரியவைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே. யாருக்குப் பட்டம் என்ற கேள்விக்கே அங்கே சரியான பதில் இல்லை என்பது கூனின் முடிவு. தமிழில் இதைச் சொல்ல நமக்கு இரண்டு சொல் கைவசம் இருக்கின்றன. 'உண்டு' என்பது ஒன்று, 'இன்னது' என்பது இன்னொன்று. காவலூர் உண்டு என்றது. எலியட் குழு உண்டு என்றதோடு இன்னது என்றும் சொன்னது.

ஆனால் காவலூரின் பங்கு அத்தோடு நிற்கவில்லை, இதை எங்கள் ஊரிலேயே பலர் சொல்வதில்லை. வளையம் என்ற செய்தி வந்த பிறகு பட்டாச்சார்யாவும் பாப்புவும் தங்கள் பதிவை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். முதலில் கவனத்துக்கு வராத மெல்லிய சரிவுகள் அதில் இருந்தன. அதே ஆண்டின் கடைசியில் அதே நேச்சர் இதழில், யுரேனஸைச் சுற்றிச் சனியைப் போன்ற வளைய அமைப்பு இருப்பதாக இருவரும் எழுதினார்கள். சில மாதங்களுக்குள் தங்கள் சொந்த வாசிப்பைத் தாங்களே திருத்தி, உலகம் பார்க்கும் இடத்தில் அச்சேற்றினார்கள். எனக்கு முதல் கட்டுரையைவிட இந்த இரண்டாவது கட்டுரை மேல் மதிப்பு அதிகம். பட்டாச்சார்யா பாப்புவுக்குப் பிறகு இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். துணைக்கோள் என்று எழுதியது அவர் பெயருக்கு எந்தக் களங்கமும் சேர்க்கவில்லை, சேர்த்திருக்கவும் கூடாது.

'நம்மைத் திட்டமிட்டு ஒதுக்கிவிட்டார்கள்' என்று ஒரு பேச்சும் எங்கள் பக்கம் உண்டு. ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆலங்காயத்தில் என்னிடம் மிகவும் வருத்தத்தோடு சொன்னார்: "தம்பி, வெள்ளைக்காரன் பேரைத்தான் வைப்பான், நம்ம பேரை வைக்க மாட்டான்." அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. எத்தனையோ இடங்களில் அது நியாயமும்கூட. இங்கே சான்று அப்படிச் சொல்லவில்லை என்று அவரிடம் சொன்னேன். காவலூர்க் கட்டுரையை அதே இதழ் அதே வாரம் வெளியிட்டது, இரண்டாவது கட்டுரையையும் வெளியிட்டது. வளையங்களின் பெயரைப் பாருங்கள்: ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் எலியட் குழு வைத்தவை. அதன் பிறகு தெரியவந்த வளையங்களில் மூன்றுக்கு 4, 5, 6 என்று வெறும் எண்கள்தான் பெயர், இன்னொரு கட்டுரையில் சரிவுகளுக்குக் கொடுத்த வரிசை எண்கள் அப்படியே நின்றுவிட்டன. ஒழுங்கில்லாத அந்தப் பெயர் வரிசையே, கண்டுபிடிப்பு ஒருவர் கையில் முழுதாக வந்து விழவில்லை என்பதற்குச் சாட்சி. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ரெண்டாவது கட்டுரையை எனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுங்க தம்பி" என்றார். கொடுத்தேன்.

பட்டியலில் இன்னொரு வரி

காவலூரின் சாதனைப் பட்டியல்களில் யுரேனஸுக்கு முன்னால் எப்போதும் இன்னொரு வரி வரும்: வியாழனின் துணைக்கோள் கானிமீடுக்குக் காற்று மண்டலம் இருப்பது 1972-இல் கண்டறியப்பட்டது. அதையும் சோதித்தேன்.

1972 ஜூன் 7 அன்று கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் காவலூரில் புதிதாக வந்திருந்த 102 செ.மீ. தொலைநோக்கியிலும் அதைப் பார்த்தார்கள். விண்மீன் மறைந்த விதத்தை வைத்து, மெல்லிய காற்று மண்டலம் உண்டு, தரையில் அழுத்தம் பூமியில் உள்ளதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும் என்று கணித்தார்கள். 1979-இல் வாயேஜர் 1 அருகில் போய், வேறொரு விண்மீன் மறைவதைப் புறஊதா ஒளியில் அளந்தபோது அந்த அளவு காற்று அங்கே இல்லை என்று தெரிந்தது. இருந்தால் முன்பு சொன்னதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவாகத்தான் இருக்க முடியும். 1990-களில் ஹபிள் தொலைநோக்கி அங்கே மிக மிக மெல்லிய ஆக்ஸிஜன் இருப்பதைக் காட்டியது. அது 1972-இல் சொன்ன காற்று அல்ல.

இரண்டு நிகழ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிலைமை விளங்கும். கானிமீடு விஷயத்தில் சொன்ன முடிவு நாம் கேட்க ஆசைப்படுகிற மாதிரி இருந்தது, அதைச் சான்று தாங்கவில்லை. யுரேனஸ் விஷயத்தில் சொன்ன முடிவு பிசகியது, சான்று முதல் தரமானது, இன்றைக்கும் நிற்கிறது. பட்டியலிலோ இரண்டும் ஒரே மாதிரி 'கண்டுபிடிப்பு' என்று அச்சாகின்றன. பட்டியல் முடிவுகளை மட்டும் எண்ணுகிறது, பதிவுகளை எண்ணுவதில்லை. எங்கள் மலையைப் பற்றிப் பெருமைப்பட வேண்டுமானால் பதிவுகளுக்காகப் பெருமைப்படுவதுதான் நியாயம். நடுநிசியில் ஜவ்வாது மலைக் காட்டுக்குள் ஒரு கருவியை ஒழுங்காக ஓடவிட்டு, சில விநாடிச் சரிவைக் கோளாறு என்று தள்ளாமல், அது வானத்தில் நடந்தது என்று உறுதியாக நின்ற இரண்டு பேருக்காக.

முன்பு சொன்ன புவியியலும் இங்கேதான் சேருகிறது. ஆஸ்திரேலியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் அந்த அட்சரேகையில் ஒரு கண் இருக்க வேண்டும் என்று பாப்பு இடம் பார்த்திராவிட்டால் வளையத்தின் அந்தப் பகுதி நிழல் யாரும் பார்க்காமல் காட்டின் மேல் விழுந்து போயிருக்கும்.

பலகை

என் முடிவைத் தலைமையாசிரியையிடம் எழுதிக் கொடுத்தேன். ஒரு வரி போதவில்லை, நான்கு வரி ஆயிற்று:

'1977 மார்ச் 10 இரவு யுரேனஸின் வளையம் ஒரு விண்மீனைச் சில விநாடிகள் மறைத்ததைக் காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பதிவு செய்தார்கள். அதைப் புதிய துணைக்கோள் என்று கருதினார்கள். அதே இரவில் விமானத்திலிருந்து பார்த்த எலியட் குழு, கோளின் இரண்டு பக்கமும் சரிவுகள் பொருந்துவதைக் கண்டு, அவை வளையங்கள் என்று காட்டியது. காவலூர் தன் பதிவை மறுபடி படித்து, அந்த ஆண்டே தன் முடிவைத் திருத்தி வெளியிட்டது.'

அவர் இரண்டு முறை படித்தார். துணைக்கோள் என்று கருதினார்கள் என்ற வரி அவசியம்தானா என்று கேட்டார். அந்த வரியை எடுத்தால் கடைசி வரிக்குப் பொருளே இல்லாமல் போய்விடும் மேடம் என்றேன். சரி என்று பெயின்டரைக் கூப்பிட்டு, எழுத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போடச் சொன்னார்.

முதலில் சண்டை போட்ட இரண்டு மாணவிகளும்தான் அந்தப் பலகைக்குக் காவல். பலகைக்குக் கீழே மேசையில் டார்ச், நூலில் தொங்கும் சிவப்பு வளையல், வெவ்வேறு உயரத்தில் இரண்டு செல்போன். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கோலிக்குண்டுகள். வந்தவர்களைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, முதலில் ஒரே ஒரு போனின் கோட்டை மட்டும் காட்டினார்கள்.